நூறு பன்றிகளின் பிரசங்கம்

சுங்கை மெரா குடியிருப்பில் ஹுவாங் மோயின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவளைப் பெற்ற தாய். அந்த அம்மாள் சீனாவில் இருந்தார். நடுவில் கடல் இருந்தது. மற்றவள் பக்கத்துக் காணிக்காரி சியூ ஜிங். நடுவில் ஒரு மூங்கில் வேலிதான் இருந்தது.

இருவரும் ஃபூச்சோ பக்கத்திலிருந்து கப்பலேறி மணப்பெண்களாக மலாயாவுக்கு வந்தவர்கள். இருவருடைய கணவர்களுக்கும் சித்தியவானுக்கு அருகே ஆளுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் இருந்தன. இருவரும் விடியுமுன் பால்வெட்டப் போவார்கள், திரும்பி வந்து பன்றிக்குத் தீனி வேகவைப்பார்கள், ஞாயிறு காலையில் மெதடிஸ்ட் ஆலயத்தில் பெண்கள் பக்கம் உட்காருவார்கள். உட்காருவதில் மட்டும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருத்தி முதல் வரிசை என்றால் மற்றவள் கடைசி வரிசை.

காரணம் ஒரு பன்றி. சியூ ஜிங்கின் தாய்ப்பன்றி ஒருநாள் வேலிக்குள் நுழைந்து ஹுவாங் மோயின் சர்க்கரைவள்ளித் தோட்டத்தை ஒரு பாத்தி விடாமல் கிளறிப்போட்டது. ஹுவாங் மோய் வேலியோரம் நின்று, ஊருக்கே கேட்கும்படி, "பன்னிக்குப் போடுற தீனிய வீட்லயே ஒழுங்கா போட்டிருந்தா அது ஏன் அடுத்தவன் தோட்டத்துக்கு வருது? உம் புருஷன் எலும்பும் தோலுமா இருக்கும்போதே நான் நெனச்சேன், அந்த வீட்ல பன்னிக்கும் அதே கதிதான்னு" என்றாள். மறுநாள் அந்தப் பன்றி முதுகு வெந்து, பாதி மயிர் உதிர்ந்து வீடு திரும்பியது. அன்றோடு பேச்சு நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு சீனாவிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து சித்தியவானில் எழுப்புதல் கூட்டம் நடத்தினார். காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று கூட்டம். ரப்பர் மரங்கள் பால்வெட்டுவார் இல்லாமல் ஓய்வெடுத்தன. ஹுவாங் மோய் முதல் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் போனதற்குக் காரணம் பரிசுத்த ஆவியானவர் என்று பிற்காலத்தில் அவள் சாட்சி சொல்லுவாள். அவள் கணவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

"அந்தச் சியூ ஜிங் கூட்டத்துல அழுதாளாமே. அழுதுகிட்டே பாடிக்கிட்டு வீட்டுக்கு வந்தாளாம்" என்றாள் அவரிடம்.

"அவ அழுதா ஒனக்கென்ன?"

"அவளே அழுதிருக்கான்னா நான் எப்படியெல்லாம் அழுவேன்!"

போனாள். போட்டிக்கு அழப் போனவளுக்கு அங்கே உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. அந்த நாட்களில் அங்கே யாருக்குத்தான் வரவில்லை? தராசில் கள்ளம் செய்ததாக ரப்பர் வியாபாரி எழுந்து நின்று அழுதார். ஈரம் காயாத ரப்பர் ஷீட்டை எடை கூடுவதற்காக அவர் தலையில் கட்டியதாக, விற்றவர்கள் எழுந்து அழுதார்கள். ஒருவர் தன் மாஜோங் சூதாட்டக் காய்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து மேடையில் கொட்டினார். வீட்டுக்கு வீடு காய்ச்சும் சிவப்பரிசி மதுவைப் பெண்கள் குடம் குடமாகக் கொட்டினார்கள். அடியில் நின்ற சக்கையை வீணாக்க மனம் வராமல் பன்றித் தொட்டியில் போட்டார்கள். சுங்கை மெராவின் பன்றிகள் ஒரு வாரம் தள்ளாடித் திரிந்தன.

ஹுவாங் மோய் தன் வாயால் செய்த பாவங்களையெல்லாம் முழங்காலில் நின்று சொன்னாள். மாமியாரைப் பேசியது, கொழுந்தன் பெண்டாட்டியைப் பேசியது, போதகரின் பிரசங்கம் நீளம் என்று பேசியது. பன்றி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது பாவக் கணக்கில் வராது என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசி நாள் பிரசங்கியார், "வாரத்தில் ஒரு நாள், உயிரோடு இருக்கும்வரை, வெளியே போய் நற்செய்தி சொல்வேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுப்பவர்கள் முன்னே வாருங்கள்" என்றார். ஹுவாங் மோய் கண்ணீர் கண்ணை மறைக்க முன்னால் ஓடி மண்டியிட்டாள். யாரோ பக்கத்தில் மண்டியிட்டார்கள். ஒரு கை அவள் கையைப் பற்றியது. இவளும் இறுகப் பற்றிக்கொண்டாள். அப்படியே இருவரும் வாக்குக் கொடுத்தார்கள். "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்து பார்த்தால், பிடித்திருந்த கை சியூ ஜிங்குடையது.

அதற்குள், வாக்குக் கொடுத்தவர்களை இருவர் இருவராகக் குழு பிரித்துக்கொண்டிருந்த சபை மூப்பர் வந்து, கைகோத்திருந்த இருவரையும் பார்த்து மனம் உருகி, "ஒன்பதாம் குழு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஹுவாங் மோய் நேரே போதகர் மனைவியிடம் ஓடினாள். "அம்மா, எனக்கு வேற யாரையாவது போடுங்க. கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க யாரா இருந்தாலும் பரவால்ல."

"ஆண்டவர் சேத்து வெச்சத நான் எப்படி மாத்துறது?"

"ஆண்டவர் சேக்கல அம்மா. நான் கண்ண மூடியிருந்தேன்."

போதகர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. மாற்றித் தர மனம் வரவில்லை. சற்று நேரத்தில் சியூ ஜிங்கும் அதே வேண்டுதலோடு அதே வாசலுக்கு வந்தாள் என்பது ஹுவாங் மோய்க்குப் பல காலம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் ஒன்பதாம் குழு புறப்பட்டது. ஒவ்வொரு குழுவுக்கும் சிவப்புச் சிலுவை தைத்த முக்கோண வெள்ளைக்கொடி ஒன்று கொடுத்திருந்தார்கள். போகும்போது ஒருத்தி, வரும்போது மற்றவள் பிடிப்பது என்று உடன்பாடு. பேசுவது ஹுவாங் மோய், பாடுவது சியூ ஜிங். சியூ ஜிங்கின் குரல் பெரியது. சுதி சேருவதும் சேராததும் அன்றைய காற்றைப் பொறுத்தது.

ஆயர் தாவார் போகும் சாலைமுனையில் சியா தெக் ஹுவாவின் காப்பிக்கடை. அவர் கிறிஸ்தவர் இல்லை. கடைக்குள் குவான் கோங் சாமிக்குச் சிவப்பு விளக்கு எரியும். ஆனாலும் இரண்டு பெண்கள் வாசலில் வந்து பாடத் தொடங்கியதும் ஆட்கள் கூடுவதைக் கவனித்தார். ஆட்கள் கூடினால் காப்பி விற்கும். இரண்டு முக்காலிகளைத் தூக்கிவந்து வெளியே போட்டார்.

ஹுவாங் மோய் காணாமல்போன ஆட்டின் உவமையை எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் ஆடு வளர்த்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள்தாம். சீனர்களுக்கு ஆட்டின் சுகதுக்கம் தெரியாது. அதனால், சபையில் யாரையும் கேட்காமல், அவள் அதைப் பன்றி ஆக்கிவிட்டாள்.

"ஒரு மனுஷன்கிட்ட நூறு பன்னி இருந்துச்சு. அதுல ஒண்ணு காணாமப் போச்சு. அவன் என்ன பண்ணுவான்? தொண்ணூத்தொம்பதையும் விட்டுட்டு..."

பக்கத்தில் நின்ற சியூ ஜிங்கின் முகம் சிவந்தது. "யார் பன்னிய சொல்றே?"

"வேதத்துல உள்ள பன்னி" என்றாள் ஹுவாங் மோய், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி.

"வேதத்துல அது ஆடு! நீ எம் பன்னியத்தான் சொல்றே. தோட்டத்துல பூந்துச்சுன்னு அடுத்தாப்ல சொல்லப் போறே."

"நான் தோட்டம்னே சொல்லல, சகோதரி."

"சொல்லுவீங்க, சகோதரி."

கோபம் வந்தால் இருவரும் ஒருவரையொருவர் 'சகோதரி' என்பார்கள். சமாதானக் காலத்தில்தான் 'அண்ணி'. அன்று காப்பிக்கடை வாசலில் சகோதரி, சகோதரி என்று ஏகப்பட்ட அன்பு பொழிந்தது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை கூட்டம் இரட்டிப்பாக வந்தது. பத்துக் குழுக்களில் அதிகம் பேர் கேட்கும் குழு ஒன்பதாவது என்று மூப்பர் சபையில் ஆனந்தமாக அறிவித்தார். ஏன் கேட்கிறார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

எழுப்புதலின் சூடு மெல்லத் தணிந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் மதுக் குடங்கள், பிள்ளை பெற்றவளுக்கு உடம்புக்கு நல்லது என்ற பேரில், ஒவ்வொன்றாகச் சமையலறைக்குத் திரும்பின. ரப்பர் வியாபாரியின் தராசும் பழையபடி ஒருபக்கம் சாய ஆரம்பித்ததாகப் பேச்சு. மற்றக் குழுக்கள் மழை, முழங்கால்வலி, மகன் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்பதாம் குழு மட்டும் குறையவில்லை. ஹுவாங் மோய்க்குச் சில சனிக்கிழமை அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் தான் போகாமல் படுத்துவிட்டால், 'வாக்குக் குடுத்துட்டு முதல்ல விட்டவ அவதான்' என்று சியூ ஜிங் சொல்லிக்காட்டுவாள். அதை நினைத்ததும் எழுந்து செருப்பைத் தேடுவாள். வேலிக்கு அந்தப் பக்கமும் அதே நினைப்பில் ஒருத்தி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். அரிசி போய் மரவள்ளி வந்தது. கொடியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு, கீரை விற்பதுபோலக் கூடையோடு போய்க் கடைவாசலில் தாழ்ந்த குரலில் பன்றிக் கதையைச் சொன்னார்கள். அந்த வருஷங்களில் ஒன்றில் ஹுவாங் மோயின் கணவர் மலேரியாவில் கிடந்தார். மருந்து எங்கும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இறந்துபோனார்.

சனிக்கிழமை பிற்பகல் சியூ ஜிங் வாசலில் வந்து நின்றாள். கையில் கூடை.

"வரியா?"

ஹுவாங் மோய் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எம் புருஷன மண்ணுல வெச்சிட்டு வந்திருக்கேன்."

"தெரியும். நானும்தானே வந்தேன். வீட்ல உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு என்ன செய்யப்போறே? வந்து என்னோட சண்ட போடு."

ஹுவாங் மோய் எழுந்து போனாள். ரப்பர்க்காட்டுப் பாதையில் பாதி தூரம் வந்தார்கள். அங்கே ஹுவாங் மோய் திடீரென்று, "அண்ணி, அன்னிக்கி ஒம் பன்னி மேல கொதிக்கிற தீனித் தண்ணிய ஊத்துனது நான்தான்" என்றாள். "கூட்டத்துல எல்லாத்தையும் சொன்னேன். இத சொல்லல."

"அது எனக்குத் தெரியாதா? வெந்த முதுகுல ஒன் வீட்டுக் கீரத்தண்டு ஒட்டிக்கிட்டிருந்துச்சு." சியூ ஜிங் கூடையை மறுகைக்கு மாற்றினாள். "நானும் ஒண்ணு சொல்லல. அது தானா வரல. தீனி தீந்துபோச்சு. நான்தான் பட்டிக் கதவத் தெறந்து ஒன் தோட்டத்துப் பக்கம் ஓட்டிவிட்டேன்."

ஹுவாங் மோய் நின்றுவிட்டாள். கணவர் இறந்த நாளிலிருந்து அடங்கிக் கிடந்த அந்த வாய் திறந்தது. "அடிப்பாவி! அத்தன கெழங்கு! அந்த வருஷம் பூரா நாங்க கெழங்கில்லாமக் கஞ்சி குடிச்சோம்!" என்று தொடங்கியவள் சாலைமுனை வரும்வரை நிறுத்தவில்லை. பாதையின் ஓர் ஓரத்தில் இவள், மறு ஓரத்தில் அவள். கடைவாசலை அடைந்தபோது ஹுவாங் மோய் அழுதுகொண்டிருந்தாள். கிழங்குக்காக இல்லை என்று இருவருக்கும் தெரியும். தெக் ஹுவா சுடுநீர் கொண்டுவந்து வைத்தார். காப்பி அப்போது அவரிடமும் இல்லை.

போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பினான். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று சுங்கை மெராவைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வாசலில் காவல், பைக்குப் பை சோதனை. ஒரு சனிக்கிழமை புதிதாக வந்த இளம் அதிகாரி ஒருவன் ஹுவாங் மோயின் பையிலிருந்து கொடியை எடுத்து உதறினான். வெள்ளைத் துணி, சிவப்பு அடையாளம், முக்கோணம். இரண்டு கிழவிகளையும் தனியே நிறுத்திவிட்டு, வாரா வாரம் எங்கே போகிறீர்கள், யாரிடம் என்ன சேதி சொல்கிறீர்கள் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டான். "நூறு பன்றியைப் பற்றிச் சொல்கிறோம்" என்று உண்மையைச் சொன்னாள் ஹுவாங் மோய். அது அவனுடைய சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. நூறு பேர் கொண்ட படையோ என்று குறித்துக்கொண்டான்.

கடைசியில் தெக் ஹுவாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் தோளில் துண்டோடு வந்தார்.

"ஐயா, இந்த ரெண்டு பேரும் என் கடவாசல்ல இதே கதைய எத்தனையோ வருஷமா சொல்றாங்க. ஒரு வார்த்த மாத்தினதில்ல. அதுல ரகசியம் ஏதாவது இருந்தா எனக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். இவங்க சேதி சொல்லித்தான் சண்ட நடக்கணும்னா காட்டுல இருக்கவன் எப்பவோ சலிச்சுப்போய் எறங்கி வந்திருப்பான்."

மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே மாற்றிச் சொன்னார். விட்டுவிட்டார்கள். ஹுவாங் மோய் தெக் ஹுவாவுக்கு நன்றி சொல்லவில்லை. "ஒரு வார்த்த மாத்தினதில்லையாமே! போன மாசம்கூட நான் மாத்திச் சொன்னேன்" என்று வழியெல்லாம் பொருமினாள்.

"மாத்தல, மறந்தே" என்றாள் சியூ ஜிங்.

ஹுவாங் மோயின் தொண்டையில் கழலை கண்டது அதற்குச் சில வருஷம் கழித்து. ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. கொஞ்ச மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். வீட்டில் மருமகள் காட்டிக்கொள்ளாமல் அந்த அமைதியை அனுபவித்தாள். ஹுவாங் மோய்க்கு மட்டும் உள்ளுக்குள் கிலி. பேச்சில்லாவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சனிக்கிழமை, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் போய் உட்கார்ந்தாள். சியூ ஜிங் பாடி முடித்தாள். இனி பேச வேண்டும். அத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடப் பிரசங்கம் பேசியதில்லை.

"ஒரு மனுஷன்கிட்ட நூறு பன்னி..." என்று தொடங்கினாள். "அதுல தொண்ணூத்தொம்பது காணாமப் போச்சு. அவன் அந்த ஒண்ண விட்டுட்டு..."

ஹுவாங் மோய் அவள் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். விரலால் ஒன்று என்று காட்டினாள். வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. கண் நிறைந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

கடைக்குள்ளிருந்து தெக் ஹுவா கோப்பையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "அப்படி இல்ல அண்ணி" என்றார் சியூ ஜிங்கிடம். "ஒண்ணுதான் காணாமப் போனது." பிறகு நின்ற இடத்திலேயே கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஹுவாங் மோய் எங்கே குரலை உயர்த்துவாளோ அங்கே உயர்த்தினார்; எங்கே இருமுவாளோ அங்கே இருமினார். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு அந்த மனிதன் காட்டுக்குள் போனான், முள் குத்தியது, மழை பிடித்தது, இருட்டிவிட்டது. எல்லாம் வந்தது. பன்றியைத் தோளில் தூக்கும் இடம் வந்ததும் கையிலிருந்த கோப்பையை எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பிடித்தார்.

"அது கனமா இருந்திருக்கும்" என்றார். இது ஹுவாங் மோய் எந்நாளும் சொல்லாத வரி. "வளந்த பன்னி. காட்டிலருந்து வீடு வரைக்கும் தோள்ல வெச்சு நடக்குறதுன்னா... நடுவுல ஒருதரம்கூட எறக்கி வெக்கலையா அந்த ஆளு?"

கோப்பையை இன்னொருமுறை துடைத்தார். அவர் உள்ளே போய்விட்டார். கிளம்பும்போது ஹுவாங் மோய் அவரை உற்றுப் பார்த்தாள். "என்ன பாக்குறீங்க அண்ணி? ஆளில்லாத நேரத்துக்குக் கை குடுத்தேன். என்னைக் கணக்குல சேத்துடாதீங்க" என்றார் அவர்.

குரல் திரும்பும்வரை அந்த மாதங்கள் முழுக்க அவர்தான் பேசினார். குரல் கரகரப்பாகத் திரும்பி வந்த பிறகும் வாசலில் வந்து நின்று கேட்டார். அதற்கடுத்த வருஷம் ஈஸ்டரில், மனைவி மக்கள் வேடிக்கை பார்க்க, ஞானஸ்நானம் பெற்றார்.

எந்த வசனம் உங்களைத் தொட்டது, சபைக்குச் சொல்லுங்கள் என்றார் போதகர். தெக் ஹுவா தலையைச் சொறிந்தார்.

"வசனமெல்லாம் சரியா தெரியாதுங்க. நானும் எங்க அண்ணனும் கூட்டா ஒரு கடை போட்டோம். ஒரே வயித்துல பொறந்தவங்க. ரெண்டு வருஷம் தாங்கல. இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல. இந்த ரெண்டு அண்ணிக்கும் ஒருத்தர ஒருத்தர் புடிக்காதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா ஒருத்தி இல்லாம இன்னொருத்தி என் கடைக்கு வந்து நான் பாத்ததில்ல. இவங்கள இப்படி யாரோ கட்டிப்போட்டு வெச்சிருக்காங்கன்னு தோணுச்சு. அது யாருன்னு பாக்கலாம்னு வந்தேன்."

ஹுவாங் மோய்க்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "எனக்கு அவளப் புடிக்காதுன்னு யார் சொன்னது?" என்றாள் முணுமுணுப்பாக. பக்கத்தில் இருந்த சியூ ஜிங், "நீதான். போன சனிக்கெழம சொன்னே" என்றாள். அப்போதுதான் ஹுவாங் மோய் கவனித்தாள், இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மதியம் தெக் ஹுவா வீட்டில் சிவப்பு மதுவில் வெந்த கோழிச்சாறும் மீ சுவா என்ற மெல்லிய சேமியாவும். கிண்ணத்தில் மதுவின் வாசம் தூக்கலாகவே இருந்தது. மூப்பர் மூக்கைத் தடவிக்கொண்டார். "கொதிச்சதும் போதையெல்லாம் போயிடும்" என்று சொல்லிவிட்டு ஹுவாங் மோய் இரண்டாம் கிண்ணத்துக்கு நீட்டினாள்.

அடுத்த வாரம்தான் சங்கடம் புரிந்தது. கடைக்காரர் விசுவாசி ஆகிவிட்டார். வாசலில் உட்காரும் மற்றவர்களோ கதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். யாருக்குப் பிரசங்கம் செய்வது? தெக் ஹுவா நம்பாமல் இருந்தது எவ்வளவு வசதியாக இருந்தது என்று நினைத்து ஹுவாங் மோய் பெருமூச்சு விட்டாள். நிழல், முக்காலி, இலவசக் காப்பி. இதைச் சியூ ஜிங்கிடம் சொன்னபோது, தானும் அதையே நினைத்ததாக அவள் ஒப்புக்கொண்டாள்.

ஆற்றுமுகத்து மீன்கரைக்குப் போகலாம் என்று தெக் ஹுவா சொன்னார். மூவரும் பஸ் ஏறிப் போனார்கள். வெயில், ஈ, மீன்நாற்றம். சியூ ஜிங் பாடத் தொடங்கியதும் மீன்காரிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். புது விசுவாசி தெக் ஹுவா பேச ஆரம்பித்தவர் நிறுத்துவதாயில்லை. ஒருத்தி பொறுமையிழந்து, "வியாபாரம் கெடுது, போங்கய்யா அந்தப் பக்கம்!" என்று ஒரு வாளி மீன்கழுவின தண்ணீரைத் தரையில் வீசினாள். மூவரின் செருப்புகளும் நனைந்தன.

வீட்டுக்கு வந்த ஹுவாங் மோயின் கால் நாற்றத்தில் மருமகள் மூக்கைப் பிடித்தாள்.

"என்ன அத்தை ஆச்சு?"

"வெரட்டிவிட்டுட்டாங்க" என்றாள் ஹுவாங் மோய். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வெரட்டுனதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"பின்னே? வெரட்டுனா மறுபடியும் போவணும்ல. அந்த வாளிக்காரி இருக்காளே, நல்ல வாயி அவளுக்கு. அவ திருந்த இன்னும் பத்திருபது வருஷமாவது ஆகும்."

செருப்பைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலிப்பக்கம் போய் அவளும் சியூ ஜிங்கும் அந்த வாளிக்காரியைப் பற்றி இருட்டும்வரை பேசினார்கள்.